படகில் ஊறிய தீர்த்தம்

1. மார்கழியில் அலுவலகப் படகின் அடிக்குழியில் தண்ணீர் தேங்கியிருக்கக் கண்டோம்.
2. ஆற்றுத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஏறுகிறது என்று போர்மேன் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.
3. மேட்டூர் அணையை மூடியதும் படகை ஆற்றிலிருந்து எடுத்துக் கரையில் மரக்கட்டைகள்மேல் ஏற்றினோம்.
4. மறுநாள் காலை குழியில் தண்ணீர் இருந்தது.
5. இன்ஜினில் இருந்த தண்ணீரை வடித்தோம். டீசலையும் வடித்தோம். மறுநாள் காலை குழியில் தண்ணீர் இருந்தது.
6. தண்ணீர் மணந்தது.
7. அலுவலகத்தில் பாதிப் பேர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.
8. என்னை டிராயிங் ஹாலுக்கு மாற்றுவது என்று முடிவானது.

ஏழுக்கும் எட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். திருச்சியில் யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது ஆற்றில் நீரோட்டம் அளக்கும் ஓர் அலுவலகத்தில் சூப்பர்வைசர். பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து நேராக வந்தவள். அறுபதுகளின் தொடக்கம். ஆற்று வேலைக்கு ஒரு பெண் வந்தது அலுவலகத்துக்குத்தான் புதிது. ஆற்றுக்குப் புதிதில்லை, துணி துவைக்கவும் குடம் தூக்கவும் பெண்கள் எப்போதும் அதில் இறங்கித்தான் இருந்தார்கள்.

என் வேலை இது: முக்கொம்புக்குச் சற்று மேலே, காவிரி இரண்டாகப் பிரிவதற்கு முன்பு, படகில் ஆற்றின் குறுக்கே போக வேண்டும். இடையிடையே நிறுத்தி ஆழம் பார்க்க வேண்டும். சுழலும் மீட்டரைக் கயிற்றில் இறக்கி, அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து நீரின் வேகத்தைக் குறிக்க வேண்டும். எடமலைப்பட்டி புதூரில் சித்தி வீட்டிலிருந்து விடியலில் கிளம்பி, இரண்டு பஸ் ஏறி, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தால் வெயில் வருவதற்குள் பாதி ஆற்றைக் கடந்துவிடலாம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்த வேலை என்று தெரிந்தால், பெண்ணுக்கு ஆகாத வேலை என்பதும் உடனே தெரிந்துவிடும்.

எங்கள் இன்ஜினீயர் ஸ்ரீரங்கத்துக்காரர். நல்லவர். சிரமமே அதில்தான் இருந்தது. கெட்ட அதிகாரி ஒரு பெண்ணை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குவான். அவளும் வேலை கற்றுக்கொள்வாள். எங்கள் இன்ஜினீயருக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கம் வந்தது. "டிராயிங் ஹால்ல ஃபேன் இருக்கும்மா. ஆத்துல என்ன இருக்கு?" என்று சேர்ந்த முதல் நாளே கேட்டார். ஆற்றில் ஆறு இருந்தது. ஆனால் அதை நான் சொல்லவில்லை.

டிராயிங் ஹாலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிறர் அளந்து, பிறர் கணக்கிட்டு, பிறர் வரைந்ததை மெழுகுத் துணிமேல் மையால் நகல் எடுக்கும் இடம் அது. அங்கே போன பெண்கள் கல்யாணமாகித்தான் வெளியே வந்தார்கள்.

ஆகவே படகு இருக்கும்வரைதான் எனக்கு ஆறு. படகு ஒன்றே ஒன்று. அது ஒழுகுகிறது என்று முடிவானால் கழித்துக் கட்டிவிடுவார்கள். அடுத்த மேட்டூர் திறப்பு ஆனியில். அதற்குள் ஒழுக்கு எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஃபேன்.

படகு தேக்குப் பலகைப் படகு. நடுவில் டீசல் இன்ஜின், பின்னால் அதிகாரிகள் உட்காரும் பலகை ஆசனம். காலடிப் பலகைகளைத் தூக்கினால் கீழே அடிக்குழி. படகில் எங்கே எது சிந்தினாலும் வழிந்து இன்ஜினுக்கு நேர் கீழே அந்தக் குழியில் வந்து சேரும். அதனால் குழியைப் பார்த்து, எது சிந்தியது, எங்கிருந்து சிந்தியது என்று சொல்ல முடியாது. வதந்தி வந்து சேரும் இடத்தைப் போலத்தான் அதுவும்.

பட்டறைப் போர்மேன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து நீர் புகாமல் செய்வதற்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்து விட்டுப்போச்சு என்றார். படகைக் கரையேற்றிக் கலப்பத்து அடித்தார். ஆள் வைத்து, உளி வைத்து, பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். மறுநாள் காலை குழியில் இரண்டு செம்பு தண்ணீர் இருந்தது. ஆறோ எங்களிடமிருந்து நூறு அடி தள்ளி, மணலில் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். போர்மேன் மாற்றிக்கொள்ளவில்லை. மரம் குடித்த தண்ணீரை மரம் கக்குகிறது என்றார். படகுக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்றார். நான் மரம் எவ்வளவு நாள் கக்கும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் படகு டிரைவரைப் பார்த்துச் சொன்னார்:

"பொண்ணு ஏறின படகு அழுவாம என்னய்யா செய்யும்?"

டிரைவர் சிரித்தார். பிறகு நான் நிற்பது நினைவுக்கு வந்து இருமினார். நான் அடுத்த பலகையைத் தூக்கச் சொன்னேன்.

அன்று மாலை சித்தி வீட்டில் உட்கார்ந்து, படகில் திரவமாக என்னென்ன இருக்கிறது என்று யோசித்தேன். டீசல். இன்ஜின் ஆயில். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர். பாட்டரி ஆசிட். டிரைவரின் மண்பானைத் தண்ணீர். இன்ஜினீயரின் தீர்த்தம். ஆறே ஆறு. டீசலையும் இன்ஜின் தண்ணீரையும் வடித்தாயிற்று. ஆயில் தண்ணீராக இராது. காலையில் பாட்டரியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். மண்பானையைக் கரையில் மரத்தடியில் வைக்கச் சொன்னேன். டிரைவர் அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டு சாயங்காலம்வரை பேசவில்லை. மறுநாளும் குழியில் தண்ணீர். மிஞ்சியது ஒன்று. அதை மட்டும் நகர்த்த முடியாது, தொட முடியாது, பார்க்கவும் முடியாது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இன்ஜினீயர் வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குழாய்க்குள் வாஷர் இருக்கிறது, வாஷர் தோலால் ஆனது, தோல் பட்ட தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது என்பது காரணம். ஊருக்குக் குழாய் வந்த காலத்தில் அவருடைய தாத்தா போட்ட சட்டம் அது. தாத்தா போன பிறகும் குழாய்கள் இருந்தன, சட்டமும் இருந்தது. எங்களிடம் அவர் இதைப் பெருமையோடு பலமுறை சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் தண்ணீர் அளக்கும் அலுவலகத்தின் தலைவர், ஊருக்கு வரும் தண்ணீரைத் தொடாதவர் என்பதில் அவருக்கு எந்த முரணும் தோன்றியதில்லை.

ஆகவே அவருக்கென்று ஒரு செப்புத் தவலை படகின் பின் ஆசனத்துக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி அலுவலகப் பியூனின் பூணூலில். பியூனும் ஸ்ரீரங்கத்துக்காரர், தவலையைத் தொடத் தகுந்தவர் எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். தினமும் விடியலில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்து, குடத்தில் காவிரி நீர் எடுத்து, ஈர வேட்டியோடு பஸ் ஏறி, டவுனில் பஸ் மாறி, யாரும் இடித்துவிடாமல் கூனிக் குறுகி நின்று, படகுத்துறைக்கு வந்து, எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து தவலையை நிரப்புவார். பச்சைக் கற்பூரம், ஏலக்காய், லவங்கம் பொடித்துப் போடுவார். பூட்டுவார். போவார்.

முக்கொம்பு ஸ்ரீரங்கத்துக்கு மேலே இருக்கிறது. படகு மிதக்கும் தண்ணீர்தான் சில மணி நேரத்தில் அம்மா மண்டபத்துக்குப் போய்ச் சேரும். அதை அங்கே மொண்டு, பஸ்ஸில் ஏற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தோம். நீரோட்டம் அளக்கும் அலுவலகத்தில் இதை யாரும் அளக்கவில்லை.

படகு கரையேறிய பிறகும் பியூன் வந்தார். கோடையில் இன்ஜினீயர் படகுப் பக்கமே வருவதில்லை. திருச்சி அலுவலகத்தில் அவருக்கு வேறு கூஜா இருந்தது. ஆனாலும் தினம் நிரப்பு என்று எப்போதோ சொன்னது சொன்னதுதான். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. படித்துறையில் நீர் வற்றிய பிறகு மணலில் ஊற்றுத் தோண்டி, வடிகட்டிக் கொண்டுவந்தார்.

தவலை ஒழுகுகிறதா என்று அவரிடம் கேட்டேன். கேள்வியே அவருக்கு வலித்தது.

"செப்பும்மா அது. மூணு தலைமொறையா ஆத்துல இருந்தது. ஒழுகினா ஒங்க படகு ஒழுகும், அது ஒழுகாது."

அவர் ஆத்து என்றது அகத்தை, வீட்டை. பார்க்கலாமா என்றேன். அவர் சாவியைப் பூணூலோடு சேர்த்து மார்பில் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். இன்ஜினீயரிடம் போய்க் கேட்டேன். அவர் மிகவும் அன்பாக, "அதை விட்டுட்டு மத்ததெல்லாம் பாரும்மா" என்றார். மற்றதெல்லாம் பார்த்தாயிற்று என்று சொன்னேன். மறுபடி பார் என்றார்.

மறுபடி பார்க்கப் போன நாளில்தான் தண்ணீர் மணந்தது. முன்பும் மணந்திருக்கும். குழியில் டீசல் இருந்தவரை டீசல் மணமே ஓங்கி நின்றது. டீசலை வடித்துச் சில நாளாகி வெயிலும் ஏறியதும், பலகையைத் தூக்கியவுடன் அடியிலிருந்து பச்சைக் கற்பூர வாசனை எழுந்தது. போர்மேன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பட்டறைக்காரர்கள் எந்தத் திரவத்தையும் அப்படித்தான் சோதிப்பார்கள். அதனால்தான் அவர்களுக்கு எப்போதும் வயிற்றுக் கோளாறு. அவர் முகம் மாறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சொன்னது டிரைவர்தான்.

"அம்மா, பெருமாள் கோயில் தீர்த்தம்மா இது. உள்ளங்கையில ஊத்துவாங்கள்ல, அதே வாசனை."

எனக்கு அந்த நொடியில் விடை கிடைத்துவிட்டது. கற்பூரம் பெட்டிக்குள் இருக்கிறது, கற்பூரம் குழிக்குள் இருக்கிறது, ஆகவே பெட்டியிலிருந்து குழிக்கு வழி இருக்கிறது. பாலிடெக்னிக்குக்குக்கூடப் போக வேண்டாம். ஆனால் அதே இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு டிரைவர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு வந்து, குழித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தலையில் தெளித்துக்கொண்டார். மறுநாள் அவருடைய கழுத்துப் பிடிப்பு விட்டுப்போயிருந்தது.

அதன் பிறகு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்க்காத குமாஸ்தாக்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஒருவர் சின்னக் கூஜாவில் எடுத்துப்போனார். நெற்றியில் திருமண், திருநீறு, சந்தனம் என்று அவரவர் வழக்கம் எதுவாக இருந்தாலும், அதன்மேல் ஒரு மெல்லிய டீசல் பளபளப்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பெண் ஏறியதால் படகு அழுகிறது என்ற போர்மேன், தீர்த்தம் ஊறுகிற இடத்திலிருந்து பெண் கொஞ்ச நாள் தள்ளி நிற்பது நல்லது என்று இப்போது சொன்னார். அழுகை தீர்த்தமாக மாறியபோதும் என் பங்கு மட்டும் மாறவில்லை.

கடைசியில் இன்ஜினீயர் வந்தார். படகுக்குள் இறங்கும்முன் செருப்பைக் கழற்றினார். குனிந்து முகர்ந்தார். நான் விட்டுவிடக்கூடாது என்று உடனே சொன்னேன்: தவலையில் இருக்கும் அதே வாசனை இது, தவலைதான் ஒழுகுகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அதே வாசனைதான். அதான் நான் சொல்றேன். தினம் இங்கே சமர்ப்பிக்கறோம். பெருமாள் ஏத்துண்டு திருப்பி அனுக்ரஹிக்கறார்."

ஒரு வாதத்தை இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு அவர் முடிவுகளைச் சொன்னார். குழித் தண்ணீரை இனிமேல் இறைத்துக் கொட்டக்கூடாது. படகில் ஏதோ தெய்வ சாந்நித்யம் இருக்கிறது. அதை மறுபடி ஆற்றில் இறக்கி மீட்டரும் கயிறுமாக இழுத்தடிப்பது அபசாரம். ஒரு கொட்டகை போட்டு இங்கேயே வைத்துவிடலாம். புதுப் படகுக்கு எழுதலாம், வருகிறபோது வரட்டும். நான் அடுத்த வாரத்திலிருந்து டிராயிங் ஹாலுக்குப் போகலாம்.

"ஒனக்கும் நல்லதுதானேம்மா" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

ஒழுகும் படகைக் கழிப்பார்கள் என்றுதான் நான் பயந்திருந்தேன். அருள் சுரக்கும் படகையும் கழிப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பல வழிகளை எண்ணிப் பார்த்தேன். பூட்டை உடைக்கலாம்: வேலை போகும். பியூனிடம் கெஞ்சலாம்: கெஞ்சியாயிற்று. மேலதிகாரிக்கு எழுதலாம்: அவரும் ஸ்ரீரங்கம். தவலைக்குள் சாயம் கலக்கலாம்: தொட முடியாது. மன்னார்புரத்தில் பஸ் நின்றபோது, சாலையோரம் ஒரு வீட்டில் யாரோ சாயங்காலத்துக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரம் ஓர் ஓரத்தில் அதிகமாக இருந்ததால் அங்கே மாவு சாம்பல் நிறமாகக் கறுத்துக்கிடந்தது. அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். எனக்குச் சலிப்பாக இல்லை.

மறுநாள் இன்ஜினீயரிடம் போனேன். சாந்நித்யம் இருப்பது உண்மை என்றால், அது ஊறுகிற இடம் எது என்று தெரிந்தால் அங்கே ஒரு விளக்கு வைக்கலாமே என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இந்த வகையில் பேசி அவர் கேட்டதில்லை.

"ஆனா குழியில டீசல் வாடை இருக்கு சார். நல்லாத் துடைக்காம விளக்கு வைக்கக்கூடாது. துடைச்சுட்டு உள்ளே கோலம் போட்டு வைக்கட்டுங்களா?"

"கோலம் போடறதுக்கு என்னைக் கேக்கணுமாம்மா? பொண்குழந்தைகள் பண்ற காரியம்தானே" என்றார். குரல் குழைந்தது. கடைசியில் எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு பெண் ஸ்பானரை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கோலமாவை எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று பகல் முழுவதும் நானும் டிரைவரும் வேலை செய்தோம். குழித் தண்ணீரைக் கொட்ட அவர் சம்மதிக்கவில்லை. ஒரு வாளியில் மொண்டு, மூடி, மரத்தடியில் வைத்துக்கொண்டார். காலடிப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றினோம். மரத்தூள் போட்டு எண்ணெயை உறிஞ்சவைத்து, பட்டறைப் பஞ்சால் துடைத்து, வெயிலில் காயவிட்டோம். பிற்பகலில் சித்தியிடமிருந்து வாங்கி வந்த வெள்ளைக்கல் மாவைச் சலித்து, படகின் அடி முழுவதும், முன்முனையிலிருந்து பின் ஆசனத்துப் பெட்டியின் கால்வரை, இடைவெளி விடாமல் மெல்லிசாகத் தூவினேன். பெட்டிக்கு அடியிலும் கையை நீட்டித் தூவினேன், பெட்டியைத் தொடவில்லை. புள்ளி வைக்கவில்லை, இழை இழுக்கவில்லை. கோலமென்று பார்த்தால் அதைவிட மோசமான கோலம் இருக்க முடியாது. டிரைவர் நாகரிகமாக அதன்மேல் பலகைகளைத் திரும்பப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை பியூன் வழக்கம்போல வந்து, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, நிரப்பிப் பூட்டினார். சற்று நேரத்தில் இன்ஜினீயர் ஜீப்பில் வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய துளசி மாலை. போர்மேனும் வந்தார். குமாஸ்தாக்கள் சிலர் வந்தார்கள். ஒருவர் அகல் கொண்டுவந்திருந்தார்.

நான் பலகைகளைத் தூக்கச் சொன்னேன். படகின் அடி முழுவதும் வெள்ளை. அதில் ஒரே ஒரு கறுத்த கோடு. இன்ஜினுக்கு அடியிலுள்ள குழியில் தொடங்கி, பின்பக்கமாக, ஒரு பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நேராக ஆசனத்துக்கு அடியிலுள்ள பெட்டிவரை போயிற்று. பெட்டிக்கு நேர் கீழே மாவு கரைந்து ஒரு சின்ன வட்டம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அகல் கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இன்ஜினீயர் படித்தவர். கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு பியூனைத் திறக்கச் சொன்னார். முதல் தடவையாக அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்தோம். மூன்று தலைமுறைச் செப்பு, நன்றாகத் துலக்கியது. அதன் அடிப்பக்கத்தில், பளபளவென்று, ஒரு புத்தம் புதுப் பித்தளைக் குழாய். குழாயின் மூக்கில் ஒரு சொட்டு.

சுருக்கமாகச் சொல்கிறேன். தவலைக்கு முன்பு குழாய் இல்லை. படகு ஆடும்போது மொண்டு கொடுத்தால் சிந்துகிறது, கையும் படுகிறது என்று, ஆசாரம் இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று இன்ஜினீயர்தான் கார்த்திகையில் குழாய் வைக்கச் சொன்னார். பியூன் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் கொடுத்துக் குழாய் பொருத்தி வாங்கினார். மார்கழியில் குழியில் தண்ணீர் கண்டது. இடையில் இருந்த பூட்டு எங்களிடமிருந்து அந்த வருஷக் கோடையை எடுத்துக்கொண்டது.

குழாயைச் சரிசெய்தால் போதும் என்று இன்ஜினீயர் போர்மேனைப் பார்த்தார். போர்மேன் தவலையைத் தொடக்கூடாது. அதனால் ஸ்பானரை ஆற்று ஊற்றில் கழுவி மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பியூன் அதை எடுத்தார். போர்மேன் தூரத்திலிருந்து இடது, வலது என்று சொல்லச் சொல்ல, இதுவரை ஸ்பானரைப் பிடித்தறியாத பியூன் குழாயின் தலையைத் திருகினார். கழன்று வந்தது. உள்ளேயிருந்து ஊறி, உப்பி, ஓரம் பிய்ந்த கறுத்த வில்லை ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"என்னது அது?" என்றார் இன்ஜினீயர்.

போர்மேனுக்குத் தெரியும். அவர் ஆற்றைப் பார்த்தார். டிரைவருக்குத் தெரியும். அவர் தன் வாளியைப் பார்த்தார். கேள்வி அதிகாரி கேட்டது. பதில் தெரிந்த மற்றவர்கள் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அதனால் நான் சொன்னேன்.

"வாஷர், சார்."

அவர் அதற்கு மேல் கேட்காமல் இருந்திருக்கலாம். நான் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன்.

"எதுல பண்ணினது?"

"தோல், சார்."

பியூன் கையை உதறினார். வில்லை மாவில் விழுந்தது. கார்த்திகையிலிருந்து தினமும் விடியலில் குளித்து, ஈர வேட்டியோடு பஸ்ஸில் கூனி நின்று, எந்தக் கையும் படாமல் காத்த தண்ணீர், கடைசி அரை அங்குலத்தில் எதைத் தொட்டுக்கொண்டு வந்தது என்று அப்போதுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. திருச்சிக்காரர்கள் அதிகாரியின் எதிரில் சிரிக்க மாட்டார்கள். ஜீப் போன பிறகு சிரித்தார்கள்.

இன்ஜினீயர் அன்று சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டில் பஞ்சகவ்யம் சாப்பிட்டுச் சுத்தி செய்துகொண்டாராம். பஞ்சகவ்யம் மாட்டிடமிருந்து வரும் ஐந்து பொருள்களால் ஆனது. மாட்டால் வந்த தோஷம் மாட்டாலேயே தீர்ந்தது. மாட்டை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பியூனிடம் பிறகு நான் ஒன்று கேட்டேன். காலையில் பெட்டியைத் திறக்கும்போது தவலை காலியாக இருந்திருக்குமே, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று. முதலில், சார் தாகமாகக் குடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டாராம். படகு கரையேறி, சார் வருவதே நின்ற பிறகும் தவலை காலியானபோது, பெருமாளே ஏற்றுக்கொள்கிறார் என்று புரிந்துகொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும் என்று பயம். ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாராம். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் எங்கள் அலுவலகத்தில் தன் வேலையை ஒருநாள்கூடத் தவறாமல் செய்தவர் அவர் ஒருவர்தான்.

மேலதிகாரிக்குப் போன அறிக்கையில் தவலை இல்லை, குழாய் இல்லை. பலகை இடுக்குகளில் கசிவு இருந்தது, கலப்பத்து அடித்துச் சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. போர்மேனுக்குப் பாராட்டு எழுதினார்கள். அவர் அதைப் பட்டறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். என்னை டிராயிங் ஹாலுக்கு அனுப்பும் உத்தரவு தட்டச்சாகி இன்ஜினீயர் மேஜைவரை போயிற்று. படகு கெட்டது என்பதுதான் அதில் காரணம். படகு நன்றாக இருக்கிறது என்று அவரே கையெழுத்துப் போட்ட காகிதம் அதற்கு முன்னால் போய்விட்டது. வேறு காரணம் எழுத வேண்டுமென்றால் அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டும். அவர் எழுதவில்லை. ஆனியில் மேட்டூர் திறந்தது. நுரையும் செத்தையுமாக முதல் தண்ணீர் வந்த அன்று படகை இறக்கினோம்.

அதன் பிறகு அவர் என்னிடம் இரக்கம் காட்டியதில்லை. பேச்சில் அம்மா போய்விட்டது. சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஆனிக் கடைசியில் என் குறிப்பேட்டில் எழுதிய நிலை: அடிக்குழி காய்ந்திருக்கிறது. பின் ஆசனத்துப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. உள்ளே என் மீட்டரும் கயிறும் இருக்கின்றன. பியூன் தீர்த்தத்தைக் குழாய் இல்லாத கூஜாவில் திருச்சி அலுவலகத்துக்கு மட்டும் கொண்டுபோகிறார். டிரைவருக்குக் கழுத்துப் பிடிப்பு திரும்ப வந்துவிட்டது. நான் ஆற்றில் இருக்கிறேன்.